பிரியாணிக் கடைச் சாம்பலில் இருபத்திரண்டு வீடுகள்

சுவரே இல்லாத வீட்டில் சுவரில் இடித்துக்கொண்டதற்காக மனிதர்களைக் கிழி கிழியென்று கிழித்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சாம்பலக்கா. பத்திரிகைக்காகக் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் கல்வராயன் மலைக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் இன்றும் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்கள்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. களமருதூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். மற்ற ஆறு நாளும் அவர் சாம்பலக்கா. ஐம்பது வயது இருக்கும். பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தார். அதில் கால் வைக்கிற இடத்தில் எந்நேரமும் ஒரு சாம்பல் மூட்டை இருக்கும். அதனால் இரண்டு காலையும் இரண்டு பக்கமும் அகட்டி, இறக்கை விரித்த கோழி மாதிரி மலைப்பாதையில் ஏறுவார். எதிரே வரும் பஸ்காரர்கள் தாங்களாகவே ஓரம் கட்டிவிடுவார்கள்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எஞ்சினியர். படிப்பை முடித்துப் புதிதாக வந்தவன் என்பதால் தரையில் கால் பாவாத கர்வம். அந்த வருஷம் அடித்த மழையில் மலைமேல் ஓடைக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊர் அப்படியே சரிந்துவிட்டது. இருபத்திரண்டு குடும்பங்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடக் கட்டடத்திலும் மீதிப் பேர் தார்ப்பாய்க்குக் கீழேயும் கிடந்தார்கள். ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டில் இடம் கிடைத்தது. வீடு கட்டித் தர மெட்ராஸில் ஓர் அமைப்பு முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மாசி மாதக் கடைசிக்குள் இருபத்திரண்டு குடும்பமும் வீட்டுப் படத்தைப் பார்த்துச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். படம் வரைவது என் வேலை. மக்களைத் திரட்டிக் கையெழுத்து வாங்குவது சாம்பலக்காவின் வேலை.

முதல் கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. கலர் பிரிண்ட் போட்ட படத்தைச் சுவரில் ஒட்டி அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊர்ப் பெரியவர் சடையன் எழுந்து, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க சார்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைநாட்டுக்காக மை டப்பாவைத் திறந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த சாம்பலக்கா அப்போதுதான் எழுந்தார்.

"யாரும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்து வாங்கித் தருவதற்கென்றே வேலைக்கு வைத்த ஆள் ஐயா அவர்!

"அக்கா! இன்னாக்கா சொல்றீங்க?"

"நீ சும்மா இரு தம்பி. ஏம் பெருசு, அந்தப் படத்துல இன்னா தெரியுது? சொல்லு."

சடையன் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார். "கட்டம் கட்டமா இருக்குதும்மா. பிஸ்கட்டுங்களா?"

"கேட்டுக்கினியா தம்பி? ஒரு பொடவ வாங்கறதுன்னாலே தோள்ல போட்டுப் பாத்துட்டுதான் வாங்கறோம். ஆயுசுக்கும் இருக்கப்போற வூட்ட பிஸ்கட்டப் பாத்துட்டு வாங்கிக்கணுமா? மொதல்ல குடி போவட்டும். புடிச்சா கையெழுத்து."

"இன்னும் ஒரு செங்கல்லுகூட வெக்கலியேக்கா. எங்க குடி போவாங்க?"

"அதுக்குத்தான் மூட்ட கொண்டாந்திருக்கறேன்" என்றார் சாம்பலக்கா.

சாம்பலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி வேறு யாருக்கும் தெரியாது. தியாகதுருகம் அரிசி ஆலை உமிச் சாம்பல் கறுப்பு, செம்மண்ணில் எடுப்பாகத் தெரியாதாம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைச் சாம்பல் ரொம்ப லேசு, ஒரு தும்மல் போட்டால் அடுப்படிச் சுவர் பறந்துவிடுமாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் நடத்தும் பிரியாணிக் கடையின் விறகடுப்புச் சாம்பல்தான் சாம்பல். வெள்ளையாக இருக்கும், கனமாக இருக்கும், கொழுப்பு விழுந்து விழுந்து மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாயும் கொடுத்து வைத்தவர். "அக்கா வந்தாத்தான் நம்ம அடுப்பு சுத்தமாவுது" என்று சொல்லி மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் வைப்பார்.

"எல்லா எடத்துலயும் சுண்ணாம்புப் பொடிலதான மார்க் பண்ணுவாங்க? நீங்க ஏன்க்கா சாம்பல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுண்ணாம்புக் கோட்டப் பாத்தா சர்க்காரு கோடுன்னு நெனச்சிக்கினு பயப்படுவாங்க. அப்பறம் வெறுங்கால்ல மிதிச்சா எரியும். இது அவங்கவங்க அடுப்புல தெனம் பாக்கறது. புடிக்கலன்னா கால்லயே அழிச்சிக்கலாம்."

அப்போது அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. யார் வந்து கோட்டைக் காலால் அழிக்கப் போகிறார்கள்?

எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்று குலுக்கல் போட்டோம். அடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டின்னில் சாம்பலை நிரப்பி, என் படத்தில் இருந்தபடியே அங்குலம் பிசகாமல், மேட்டில் இருபத்திரண்டு வீடுகளையும் சாம்பலக்கா இழுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் கூடம், ஓர் அறை, அடுப்படி, ஓரத்தில் கழிப்பறை. கதவு வரும் இடத்தில் மட்டும் கோடு விட்டிருக்கும். அதன் பிறகு சட்டதிட்டம் சொன்னார். கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். நாலு நாள், காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அவரவர் வீட்டில் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்திருக்க வேண்டும். கோட்டை மட்டும் தாண்டவே கூடாது.

முதல் நாள் அங்கே குடியேறியவை நாய்கள். பிரியாணி வாசனை சும்மா விடுமா? மலையில் இருந்த அத்தனை நாயும் வந்து சுவரை நக்கிப் பார்த்துவிட்டுப் போயின. மனிதர்கள் கூச்சத்தோடு ஓரமாக நின்றார்கள். கடைசியில் சடையன் தைரியமாகத் தன் ஏழாம் நம்பர் வீட்டுக்குள் நேராக நடந்தார். நடந்தது அடுப்படிச் சுவர் வழியாக.

"யோவ் பெருசு!" சாம்பலக்கா போட்ட சத்தத்தில் எனக்கே திக்கென்றது. "சொவுத்துல முட்டிக்கினு வர்றியே, மண்ட இன்னாத்துக்கு ஆவறது? கண்ணு எங்க வெச்சிக்கினு நடக்கற?"

ஊரின் மூத்த மனிதர். இவர் போட்டது அவரைப் பெற்றவர்கள்கூடப் போடாத சத்தம். ஊரே எங்களை அடித்து விரட்டப் போகிறது என்று வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். சடையன் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். திரும்பி வெளியே போனார். சுற்றி வந்து, கதவு இருக்கும் இடத்தில் நின்று, தாழ்ப்பாள் நீக்குவது போலக் கையை அசைத்து, தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

"வாசக்காலு கொஞ்சம் தாழ்வா இருக்குதும்மா" என்றார்.

அவ்வளவுதான், மேடு முழுக்கச் சிரிப்பு. மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். மூன்று கல் வைத்து அடுப்பு எரிகிறது. கூடத்தில் ஆடு கட்டியிருக்கிறது. பதினோராம் வீட்டுப் பெண், "ஜன்னலச் சாத்துடி, பத்தாம் நம்பர்காரி எட்டி எட்டிப் பாக்கறா" என்கிறாள். பத்தாம் நம்பர்காரி, "ஆமா, இவ வூட்ல இல்லாத அதிசயம் நடக்குது" என்று திருப்பிக் கொடுக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு விரல் அகலச் சாம்பல். சண்டை என்னவோ நிஜச் சண்டை.

அன்றைக்கே என் தலையிலும் விழுந்தது. "வரைஞ்ச ஆளு ஒரு வேள இருந்து பாக்கவேணாவா? வா உள்ள" என்று சாம்பலக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். அறையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னார். படுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தம்பி, தல ரூம்புல இருக்குது. காலு ரெண்டும் அடுப்படில இருக்குது. பொண்டாட்டி கொழம்பு எங்க வெப்பா, உன் மொழங்கால் மேலயா?"

வெட்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே கழிப்பறைக் கதவு. கூடத்தில் விருந்தாளி சாப்பிட உட்கார்ந்தால் கண் எதிரே அதுதான். கல்லூரியில் பரிசு வாங்கிய கை ஐயா இது! அந்த மத்தியானமே உட்கார்ந்து அறையை நீட்டினேன், கழிப்பறைக் கதவைப் பின்பக்கம் திருப்பினேன். தானிய மூட்டைக்கு இடமில்லை என்றார்கள், ஒரு பரண் போட்டேன். சாம்பலக்கா பழைய கோடுகளைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டுப் புதுக் கோடு இழுத்தார். பிடித்துப்போனவர்கள் தாங்களாகவே வந்து கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் மாலை எண்ணிக்கை இருபத்தொன்று.

மீதி ஒன்று வெள்ளையம்மா.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் அந்த மழைக்கு ஓர் உயிர்தான் போனது, அது அவள் புருஷன். மகளை வெள்ளிமலை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஓடைக்கரையில் மிச்சம் நின்ற இரண்டு சுவர்களுக்கு மேல் தார்ப்பாயைக் கட்டி அங்கேயே இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் வர மாட்டாள், கூட்டத்துக்கும் வர மாட்டாள். அடுத்த மழைக்கு அந்த இரண்டு சுவரும் நிற்காது என்பது எஞ்சினியரான எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் நாலு முறை சொன்னேன். அவள் பதிலே பேசவில்லை. என் அறிக்கையில் 'பயனாளி ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதி அனுப்பினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

சாம்பலக்கா எப்படியோ பேசி அவளை மேட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். கடைசி வீடு, இருபத்திரண்டாம் நம்பர். வெள்ளையம்மா கதவு வழியாக ஒழுங்காக உள்ளே வருவாள். கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு எழுந்து, கூடத்துப் பின்சுவர் வழியாக விறுவிறுவென்று வெளியே போய்விடுவாள்.

"ஏ வெள்ள! மறுபடியும் சொவுத்துல இடிச்சிக்கினு போறியே! கதவு அந்தாண்ட இருக்குது!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். சுற்றி வந்து திரும்பவும் கதவு வழியாக நுழைவாள், திரும்பவும் பின்சுவர் வழியாகப் போவாள். மூன்று நாளும் இதே கதை. சடையன்கூட, "அதுக்கு மட்டும் கதவே தெரிய மாட்டேங்குது பாரு" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் மெட்ராஸ் சார் வந்தார். பணம் தரும் அமைப்பின் அதிகாரி. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ஷூவுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். மேட்டில் இருபத்திரண்டு சாம்பல் கட்டங்களுக்குள் ஆடும் அடுப்பும் மனிதர்களும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

"சார், மக்கள் பங்கேற்பு..." என்று இழுத்தேன்.

அவர் என்னைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். மூன்றாம் நம்பர் வீட்டின் கூடத்தில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்றார். கடவுளே, அக்கா பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"சார்! இன்னா சார், படிச்சவங்க நீங்களே சொவுத்தத் தாண்டி வரலாமா? உள்ள ஒரு பொம்பள தலைக்கு எண்ண வெச்சிக்கினு இருக்குது!"

அவர் திரும்பிப் பார்த்தார். அறைக்குள் ஒரு பெண் நிஜமாகவே தலையில் எண்ணெயோடு முந்தானையை இழுத்துக்கொண்டு முறைத்தாள். மெட்ராஸ் சார் முகம் செக்கச் செவேல் என்று ஆயிற்று. "சாரி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே பின்னால் நகர்ந்து, இன்னொரு சுவரையும் இடித்தார்.

"ஷூவக் கழட்டிட்டு கதவாண்ட வாங்க சார். காப்பி போட்டுத் தர்றோம்."

"திஸ் இஸ் டூ மச்" என்று அவர் என்மேல் பாய்ந்தார். "நாலு நாளா இங்க விளையாடிட்டு இருக்கீங்களா? கையெழுத்து எத்தனை வந்திருக்கு?"

"இருபத்தொண்ணு சார்."

"இன்னைக்குக் கடைசி நாள் தெரியுமில்ல? நாலு மணிக்குள்ள மெட்ராஸுக்கு நான் சொல்லணும். முழுசா இல்லைன்னா இதை மூடிட்டு வேற மாவட்டத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. யாரு அந்த இன்னொருத்தர்?"

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எல்லாரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள். சார் நேராக அங்கே போய், கோட்டுக்கு வெளியே நின்று, "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை? உங்க ஒருத்தரால இத்தனை குடும்பத்துக்கும் வீடு இல்லாம போகணுமா?" என்று கேட்டுவிட்டார்.

வெள்ளையம்மா எழுந்தாள். பின்சுவர் வழியாக விறுவிறுவென்று வெளியே போனாள். நாலு பேர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள்.

"ஏ வெள்ள, சொவுத்துல இடி..." என்று ஆரம்பித்த சாம்பலக்கா பாதியில் நிறுத்தினார்.

அவர் பின்சுவர்க் கோட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு மற்ற எல்லா இடத்திலும் முழுசாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஓர் ஆள் போகிற அகலத்துக்கு, மிதிபட்டு மிதிபட்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. நாலு நாளாக அவள் இடம் மாற்றாமல் அதே இடத்தில்தான் போயிருக்கிறாள். அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"வெள்ள... அன்னிக்கி உங்க வூட்டு சொவுரு எந்தப் பக்கம் உழுந்தது?"

வெள்ளையம்மா ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாசப்பக்கம்."

"அவுரு?"

"உள்ள இருந்தாரு. நான் வெளிய ஆடு கட்டிக்கினு இருந்தன். கதவு அது ஒண்ணுதான. மண்ணு மூடிக்கிச்சி." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்ச நேரம் கூப்புட்டுக்கினு இருந்தாருக்கா" என்றாள்.

ஒரே கதவு. வரைந்தவன் நான். என் படிவத்தில் 'வீடு தேவையா, ஆம், இல்லை' என்று ஒரு கட்டம் இருந்ததே தவிர, இதைச் சொல்ல அவளுக்கு எங்கேயும் ஓர் இடம் இல்லை. நாலு நாளாக அவள் காலால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

சாம்பலக்கா பளார் பளார் என்று தன் தலையிலேயே இரண்டு போட்டுக்கொண்டார். "அடிப் பாவி, நாலு நாளா உன்னப் போயி திட்டிக்கினு இருந்தனேடி!" என்று அழுதார். ஊரையே அலறவைத்த மனுஷி குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு எழுந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் அந்த இடத்துக் கோட்டை அழித்தார். இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு.

"இது கதவு" என்றார். "இப்ப போயிட்டு வா பாப்போம்."

வெள்ளையம்மா அந்த வழியாக உள்ளே வந்தாள். முன்கதவு வழியாக வெளியே போனாள். சுற்றி வந்து பின்கதவு வழியாக மறுபடி நுழைந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கூடத்து நடுவில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். நாலு நாளில் அவள் காலை நீட்டி உட்கார்ந்ததே அப்போதுதான்.

சடையன் ஏழாம் நம்பருக்குப் போனார். பின்சுவரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் காலால் தேய்த்தார். பத்தாம் நம்பர்காரி தேய்த்தாள். பதினோராம் நம்பர்காரி தேய்த்தாள். இரண்டு நிமிஷத்தில் மேடு முழுக்கக் காலைத் தேய்க்கும் சத்தம். இருபத்திரண்டு வீட்டுக்கும் பின்கதவு வந்துவிட்டது. செலவு மதிப்பீட்டில் வீட்டுக்கு ஒரே வாசல் கதவுதான். கையெழுத்துப் போட்ட இருபத்தொரு படமும் இனி செல்லாது. மணி மூன்றரை.

"நோ நோ, அப்ரூவல் ஆன பிளான்ல இதுக்கெல்லாம் இடமே இல்ல" என்றார் சார். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

சாம்பலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "சார், ஊரு நொழையற எடத்துல பெரிசா ஒரு வளைவு கட்டி உங்க பேரு எழுதணும்னு படத்துல போட்டிருக்குதே, அது எதுக்கு?"

"அது... அது எங்க அமைப்போட அடையாளம்."

"அதுக்கு கம்பி, சிமிட்டி, கல்லு எல்லாம் ஜாஸ்தியா ஆவும் இல்லீங்களா? அதுல கதவும் இல்ல, கூரையும் இல்ல. மழ வந்தா அதுக்குள்ள போயி யாரு சார் படுக்கறது? அத வுட்டுட்டு இதப் போடுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பணம் கொடுக்கிறவரிடம், உன் பெயரை எழுதாதே என்று யாராவது சொல்வார்களா? என் வேலை போயிற்று, திட்டம் போயிற்று என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது சார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் ஒரு சங்கடம். அந்த மேட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில். அது சடையன் வீட்டுக் கழிப்பறைக்குள் வந்திருந்தது.

சடையன் மரியாதையாக வழிகாட்டினார். சார் ஷூவைக் கழற்றினார். கதவு வழியாக உள்ளே போய், நாலுக்கு நாலு சாம்பல் கட்டத்துக்குள் நின்றுகொண்டு மெட்ராஸோடு பேசினார். நாங்கள் எல்லாரும் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே ஆள் இருக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லையே! "இல்ல மேடம்... ஆர்ச் வேணாம் மேடம்... நான் நேர்ல நின்னு பார்த்தேன் மேடம், ஒரு ஆள் செத்திருக்காரு" என்று துண்டு துண்டாகக் குரல் வந்தது. கடைசியில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தோம். மெட்ராஸ் சார் இல்லாத தாழ்ப்பாளை நீக்கி, இல்லாத கதவைத் தள்ளி வெளியே வந்து, அதை மறக்காமல் சாத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பின்கதவு போட்டுக்கச் சொல்லிட்டாங்க. பழைய படத்துலயே கையால வரைஞ்சு, எல்லார்கிட்டயும் பக்கத்துல ஒரு கையெழுத்து வாங்குங்க" என்றார்.

நான் ஓடி ஓடி இருபத்திரண்டு படத்திலும் கதவு வரைந்தேன். கடைசியாக வெள்ளையம்மாவிடம் போய் மை டப்பாவை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, "பேனா குடுங்க சார்" என்று வாங்கி, முத்து முத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரியும் என்பதைக்கூட நாங்கள் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

வீடுகள் புரட்டாசியில் முடிந்தன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. எனக்குக் கள்ளக்குறிச்சியில் இருப்புக் கொள்ளவில்லை. நான் கட்டிய முதல் வீடுகள் அல்லவா? நாலாம் நாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக, குடையும் கிழிந்து, தொப்பலாக நனைந்து மேலே போய்ச் சேர்ந்தேன். இருபத்தொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேச்சும் புகையுமாக இருந்தார்கள். கடைசி வீட்டில் மட்டும் முன்கதவு, பின்கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. இரண்டு பக்கமும் சாரல் அடித்துக் கூடத்தில் தண்ணீர்.

"வெள்ளையம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"உஸ்! கத்தாத தம்பி" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. பின்கதவுப் படியில் சாம்பலக்கா உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு உரச்சாக்கு. வெறுங்கால் இரண்டும் மழைத் தண்ணியில். எனக்கு முன்னாலேயே அந்த மழையில் மொபெட்டில் ஏறி வந்திருக்கிறார்.

"இன்னாக்கா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல." கூடத்து மூலையைக் கண்ணால் காட்டினார். நனையாத ஓரமாகப் பாய் போட்டு வெள்ளையம்மா வாயைத் திறந்துகொண்டு நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். "மழ பேஞ்சா உக்காந்துக்கினேதான் இருப்பாளாம். ஒரு வருசமா மழையில கண்ணே மூடுனது இல்லையாம். இப்ப பாரு."

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவள் எழுந்திருக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

அந்த வேலையை நான் விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. சாம்பலக்கா இப்போது கடலோரத்தில், புயல் புரட்டிப்போட்ட ஏதோ ஒரு குப்பத்தில், இன்னும் யாரையோ சுவரில் இடித்துக்கொள்ளாதே என்று திட்டிக்கொண்டிருக்கிறார். எப்போதாவது போன் வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. "தம்பி, இங்கத்திய சாம்பல் வேலைக்கே ஆவாது, மணலோட பறந்துடுது. பாய்கிட்ட சொல்லி ஒரு மூட்ட பஸ்ல போட்டு வுடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

பாய் மூட்டையைக் கட்டித் தந்துவிடுவார். நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் உட்கார்ந்து, எலும்புத் துண்டு, கரிக்கட்டி, ஆணி எல்லாம் பொறுக்கி எடுத்து, மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்து அனுப்புகிறேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். என்ன செய்வது, அக்கா அதை வெறுங்காலால் தேய்ப்பாரே.